மருந்தால் வரும் பாதிப்பைக் கண்காணிக்க எந்த வழி தோது? செட்டிநாட்டுச் சிறு மருத்துவமனைகளுக்கு ஓர் ஒப்பீடு

காரைக்குடியில் 40 படுக்கை மருத்துவமனை நடத்தும் டாக்டர் ஒருவரும், தேவகோட்டைப் பக்கம் நர்சிங் சூப்பிரண்டாக இருக்கும் சிஸ்டர் ஒருவரும் ஒரே மாதத்தில் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "மருந்தால வர்ற பாதிப்பைக் கண்காணிக்கணும்னு முடிவு பண்ணியாச்சு. படிவத்தைக் கொடுத்து எழுதச் சொல்றதா, ஃபார்மசிஸ்ட்டை வார்டுக்கு அனுப்புறதா, சாஃப்ட்வேர் வாங்குறதா?"

டாக்டருக்கு, மருத்துவமனைத் தரச் சான்று தரும் என்.ஏ.பி.எச். அமைப்பின் ஆய்வு நெருங்குகிறது. சிஸ்டருக்குக் காரணம் வேறு. அவர் வார்டில் ஒரே நோயாளிக்கு ஒரே ஆன்டிபயாட்டிக் ஊசியை இரண்டு நாள் போட்டு, இரண்டு நாளும் உடம்பெல்லாம் தடித்துவிட்டது. முதல் நாள் தடித்தது அடுத்த ஷிஃப்ட்டுக்குத் தெரியவில்லை. கேஸ் ஷீட்டில் "ஏவில் 1 ஆம்பூல், ஸ்டாட்" என்று மட்டும் எழுதியிருந்தது, அதாவது ஒவ்வாமையை அடக்கும் ஊசி ஒன்றை உடனே போடச் சொல்லி. எதற்காக என்று எழுதவில்லை.

நான் பத்து வருடமாக இந்த வட்டாரத்து மருத்துவமனைகளில் க்ளினிக்கல் ஃபார்மசிஸ்ட். அந்தக் காரணம் எழுதாத ஏவில் வரியை நூறு கேஸ் ஷீட்டிலாவது பார்த்திருப்பேன். ஆகவே இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

இங்கே பாதிப்பு என்று நான் சொல்வது, சரியான மருந்தை வழக்கமான அளவில் கொடுத்தும் வருகிற தீங்கை. மருந்து மாறிப் போவதும் அளவு தவறிப் போவதும் வேறு கணக்கு. அதற்குத் தனி நோட்டு வையுங்கள். இது எங்கோ எப்போதோ நடக்கிற விஷயம் இல்லை. இங்கிலாந்தில் மெர்சிசைடு பகுதியின் இரண்டு மருத்துவமனைகளில் 18,820 அட்மிஷன்களைப் பார்த்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், 6.5 சதவீதம் மருந்துப் பாதிப்போடு தொடர்புள்ளவை. அது வெளியிலிருந்து உள்ளே வந்தவர்களின் கணக்கு. உள்ளே வந்த பிறகு வருவது தனி.

## எதை வைத்து எடை போடுவது

விலையை முதலில் பார்க்காதீர்கள். நான் ஐந்து கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன்.

நடக்கிற பாதிப்பில் எவ்வளவு கண்ணில் படும்? எப்போது கண்ணில் படும், நோயாளி கட்டிலில் இருக்கும்போதா, டிஸ்சார்ஜ் ஆகி வீடு போன பிறகா? யாருடைய நேரத்தைத் தின்னும்? ஆள் மாறினால் நிற்குமா? எழுதுகிறவருக்குப் பயம் இருக்குமா?

நான்காவது கேள்வி நம் ஊருக்கு ரொம்பவும் முக்கியம். நன்றாகப் பழகிய சிஸ்டர் வளைகுடாவுக்குப் போய்விடுவார், அல்லது அரசுப் பணி கிடைத்துப் போய்விடுவார். ஒருவருடைய அக்கறையை மட்டும் நம்பி நிற்கும் ஏற்பாடு, அவர் போன வாரமே படுத்துவிடும்.

இந்த முறைகளை ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று, பாஸ்டன் நகரின் பிரிகாம் மருத்துவமனையில் செய்தது, 1998இல் வெளியானது. எட்டு மாதத்தில் மருந்தால் நேர்ந்த 617 தீங்குகள் தெரியவந்தன. கேஸ் ஷீட்டைப் புரட்டியவர்கள் கண்டது 398. கணினி எச்சரிக்கை காட்டியது 275. ஊழியர்கள் தாமாகச் சொன்னது 23. உழைப்போ முறையே வாரத்துக்கு 55 மணி, 11 மணி, 5 மணி. இன்னொன்றையும் கவனியுங்கள்: கேஸ் ஷீட், கணினி இரண்டிலும் சேர்ந்து பிடிபட்டவை 76தான். ஒரு வலையில் விழுவது இன்னொன்றில் விழவில்லை. பெரிய அமெரிக்க மருத்துவமனையின் எண்கள் இவை. நம் வார்டுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் எந்த வழி எவ்வளவு உழைப்புக்கு எவ்வளவு தரும் என்ற வரிசையை நான் இங்கும் அப்படியேதான் பார்த்திருக்கிறேன்.

## வழி 1: தாமாக எழுதும் படிவம்

சிவப்புத் தடிப்போ, மூச்சுத் திணறலோ, எதைக் கண்டாலும் டாக்டரோ சிஸ்டரோ ஃபார்மசிஸ்ட்டோ படிவத்தில் எழுதி அனுப்புவது. 1961இல் தாலிடோமைடு மருந்தால் குழந்தைகள் ஊனமாகப் பிறப்பதை ஆஸ்திரேலிய டாக்டர் மெக்பிரைட் ஒரு சிறு கடிதமாக 'லான்செட்' இதழுக்கு எழுதினார். அந்த அதிர்ச்சியில்தான் 1964இல் பிரிட்டன், டாக்டர்கள் பாதிப்பை எழுதி அனுப்பும் மஞ்சள் அட்டை முறையைத் தொடங்கியது. நம் நாட்டில் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010 ஜூலையில் தொடங்கி, 2011 ஏப்ரல் முதல் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்திலிருந்து நடக்கிறது.

செலவு இல்லை. கட்டாயம் வேண்டியது கொஞ்சம்தான்: நோயாளியின் பெயர் முதலெழுத்தும் வயதும், என்ன பாதிப்பு, என்று தொடங்கியது, எந்த மருந்தின் மேல் சந்தேகம், எழுதுகிறவர் யார். சந்தேகம் இருந்தாலே போதும், நிரூபிக்க வேண்டியதில்லை. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் சொல்லலாம். நோயாளியே நிரப்பும் படிவம் தமிழிலும் இருக்கிறது. 2023 நவம்பர் இறுதியில், மாதவிடாய் வலிக்கு வீட்டுக்கு வீடு போடுகிற மெஃபனமிக் ஆசிட் மாத்திரையால் 'டிரெஸ்' என்ற கடுமையான ஒவ்வாமை வரலாம் என்று ஆணையம் எச்சரித்தது நினைவிருக்கும். அது இப்படி வந்து சேர்ந்த தகவல்களை அலசியதில் கிடைத்ததுதான். அரிதான பாதிப்பை நாற்பது படுக்கையில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. நாடு முழுக்க வந்ததைச் சேர்த்தால்தான் உருவம் தெரியும்.

மறைந்திருக்கும் செலவு என்னவென்றால், பெட்டி தொங்கும், படிவம் வராது. நான் முன்பு இருந்த ஓர் இடத்தில் நர்ஸிங் ஸ்டேஷன் பக்கத்தில் அழகாகப் பெட்டி மாட்டினோம். பதினோரு மாதத்தில் மூன்று வந்தது, மூன்றும் தோல் தடிப்பு. சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியாட்டினின் மெல்ல ஏறியதையோ, மாத்திரைக்குப் பிறகு பெரியவர் பிதற்றத் தொடங்கியதையோ யாரும் எழுதவில்லை. ஒரு சிஸ்டரிடம் கேட்டேன். "எழுதினா டாக்டர் தப்பா கொடுத்தார்னு ஆயிடாதா மேடம்? நாளைக்கு கேஸ் கீஸ்னு வந்தா என் பேர்ல இருக்குமே." இந்தப் படிவத்தால் எழுதுகிறவருக்குச் சட்டச் சிக்கல் வராது என்று படிவத்திலேயே அச்சடித்திருக்கிறது. இருந்தும் டாக்டர் வாய்விட்டு, எல்லோர் முன்னாலும், "எழுதுங்க, நான் கோபப்பட மாட்டேன்" என்று சொல்லும்வரை அந்த வரிக்கு உயிர் இல்லை. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வந்த கட்டுரையில், எழுதாமல் விடுபடுவது நடுமதிப்பாக 94 சதவீதம். இது நம் ஊரின் தனிக் குறை இல்லை.

படிவம் இருக்க வேண்டும், சந்தேகமில்லை. அதை மட்டும் நம்பிக் கண்காணிப்பு நடக்கிறது என்று ஆய்வாளரிடம் சொன்னால், ஃபைல் நிறையும். வார்டு அப்படியேதான் இருக்கும்.

## வழி 2: வார்டுக்குப் போகும் ஃபார்மசிஸ்ட்

நான் செய்கிற வேலை என்பதால் இதன் மேல் எனக்குப் பிரியம் அதிகம். அதை மனதில் வைத்தே படியுங்கள். தினமும் கேஸ் ஷீட், மருந்து அட்டவணை, லேப் முடிவு மூன்றையும் வைத்து ஒவ்வொரு கட்டிலாகப் போய், நோயாளியிடமும் கூட இருப்பவரிடமும் பேசுவது. நோயாளி இருக்கும்போதே பிடிபடும் வழி இது. கீழக் கட்டிலில் இருக்கும் ஆச்சி தலைமாட்டில் வைத்திருக்கும் மஞ்சள் பையைப் பார்க்க வேறு எந்த முறையாலும் முடியாது. காரைக்குடி டாக்டர் எழுதியது, மதுரை டாக்டர் எழுதியது, யாரோ கொடுத்த சூரணம், சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்பிய வலி மாத்திரை, எல்லாம் அந்தப் பைக்குள் இருக்கும். கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை எழுதியிருப்பார்கள். அந்த வீக்கமே ரத்த அழுத்த மாத்திரையான அம்லோடிபின் தந்தது என்பது பையைப் பிரித்தால்தான் தெரியும்.

இங்கே மறைந்திருக்கும் செலவு சம்பளத்தை விடப் பெரியது. ஃபார்மசியில் கூட்டம் ஏறினால் முதலில் பில் போட இழுக்கப்படுவது இவர்தான். காலாவதி மருந்தைத் திருப்பி அனுப்பும் வேலையும் இவர் தலையில் விழும். மாதக் கடைசியில் வார்டுப் பக்கமே போயிருக்க மாட்டார். டாக்டர்கள் பழகி, நம்பி, "இதைப் பாருங்கம்மா" என்று கூப்பிட ஆறு மாதமாவது ஆகும். அந்த ஆறு மாதம் கணக்கில் ஒன்றும் வராது; நிர்வாகம் பொறுத்திருக்க வேண்டும். அவர் விடுப்பில் போனால் கண்காணிப்பும் விடுப்பில் போகும்.

ஃபார்ம் டி என்ற மருந்தியல் படிப்பின் ஆறாம் ஆண்டு பயிற்சி மாணவர்களைக் கல்லூரியோடு பேசிக் கூட்டி வரலாமா என்று கேட்கிறார்கள். வரலாம், ஆர்வமாகப் பார்ப்பார்கள். ஆனால் அவர்கள் எழுதியதைச் சரிபார்க்க ஒரு மூத்தவர் வேண்டும். அவர்கள் கிளம்பும் மாதத்துக்கு என்ன ஏற்பாடு என்பதையும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

## வழி 3: முறி மருந்தைப் பின்தொடர்வது

பாதிப்பைத் தேடாமல், பாதிப்புக்குக் கொடுத்த சிகிச்சையைத் தேடுவது இது. ஒவ்வாமை வந்தால் ஏவிலும் ஹைட்ரோகார்டிசோனும் போடுவார்கள். சர்க்கரை இறங்கினால் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசல். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் அசிட்ரோம், வார்ஃபாரின் அதிகமானால் விட்டமின் கே. இவை ஃபார்மசியிலிருந்து நோயாளி பெயரில் பில் ஆகித்தான் போகின்றன. சிஸ்டர் எழுத மறக்கலாம், பில் மறக்காது. காலையில் ஒருவர் நேற்றைய பில்களில் இப்படிப்பட்ட ஐந்தாறு மருந்தை மட்டும் தேடி, அந்தக் கட்டில்களுக்கு மட்டும் போய்ப் பார்த்தால் போதும். நாற்பது படுக்கைக்குக் கால் மணி நேரம். குழப்பமான நாளில் அரை மணி.

ஒரு சம்பவம் சொல்கிறேன். பள்ளத்தூர்ப் பக்கத்து ஆச்சி, எழுபதைத் தாண்டியவர். பெரிய வீட்டில் துணைக்கு ஒரு பெண் மட்டும், பிள்ளைகள் வெளிநாட்டில். சிறுநீர்த் தொற்றுக்காகச் சேர்த்தோம். லீவோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாட்டிக் தொடங்கியது. வீட்டில் போட்டுவந்த சர்க்கரை மாத்திரை கிளிமிபிரைடு அப்படியே தொடர்ந்தது. முதல் இரவு 2 மணிக்கு வியர்த்து ஊற்றியது, சர்க்கரை 48. டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றினார்கள், சரியாகிவிட்டது. கேஸ் ஷீட்டில் "விரதம், அதனால் சர்க்கரை இறக்கம்" என்று எழுதினார்கள். சஷ்டி வாரம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அன்று காலை எனக்கு வேறு வேலை, பில் பார்க்கவில்லை. இரண்டாம் இரவும் 51. அடுத்த நாள் காலை பில் வரிசையில் ஒரே பெயருக்கு நேரே நான்கு டெக்ஸ்ட்ரோஸ் பாட்டில். மேலே போய்க் கேட்டேன்.

"ஆச்சி, விரதம்னு ஒண்ணும் சாப்பிடலையாமே?"

"யாரு சொன்னா? விரதம் முந்தாநாளே முடிஞ்சிருச்சு ஆத்தா. நேத்து ரெண்டு இட்லியும் பாலும் சாப்பிட்டுட்டுத்தான் படுத்தேன்."

கிரியாட்டினின் 2.1. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு கிளிமிபிரைடின் விளைவு உடம்பில் தங்கிவிடும். அதோடு லீவோஃப்ளாக்ஸசின் சேர்ந்தால், அதிலும் வயதானவருக்கு, சர்க்கரை இறங்குவது தெரிந்த விஷயம். டாக்டர் இரண்டையும் நிறுத்தி மாற்று எழுதினார். மூன்றாம் இரவு ஆச்சி தூங்கினார். பாதிப்புக்கு மருந்துதான் காரணமா என்று மதிப்பெண் போடும் நரான்ஜோ கேள்வித்தாளில் போட்டுப் பார்த்தோம். பத்துக் கேள்வி, 9 அல்லது அதற்கு மேல் வந்தால் உறுதி, 5 முதல் 8 வரை அநேகமாக இதுதான். எங்களுக்கு வந்தது 'அநேகமாக'. இரண்டில் எது என்று பிரிக்க முடியாததால் படிவத்தில் இரண்டு மருந்தையும் சந்தேகப் பட்டியலில் எழுதி அனுப்பினோம்.

முதல் நாள் நான் பில் பார்த்திருந்தால் இரண்டாம் இரவு நடந்திருக்காது. அதனால்தான் இந்த வேலைக்கு எப்போதும் இரண்டு பேர் பெயரைப் போட்டு வையுங்கள் என்று வற்புறுத்துகிறேன்.

இதன் குறைகளையும் சொல்ல வேண்டும். ஏவில் போனதெல்லாம் ஒவ்வாமை இல்லை. ரத்தம் ஏற்றுவதற்கு முன்னாலும் கொடுக்கிறார்கள், சளிக்கும் கொடுக்கிறார்கள். பிரித்தெடுக்கச் சலிப்பு வரும். முறி மருந்தே இல்லாத பாதிப்புகள், அதாவது மலச்சிக்கல், தடுமாறி விழுவது, குழப்பம், இதில் சிக்காது. இன்னொரு ஓட்டை, எல்லோரும் தவறவிடுவது: எமர்ஜென்சி ட்ரே. நள்ளிரவில் ட்ரேயிலிருந்து, கடும் ஒவ்வாமைக்கு உயிர்காக்கும் ஊசியான அட்ரினலினை எடுத்துப் போட்டுவிட்டு, காலையில் "ட்ரே நிரப்ப" என்று ஃபார்மசிக்கு இண்டென்ட், அதாவது மருந்து கேட்கும் சீட்டு, போடுவார்கள். நோயாளி பெயர் அங்கே அறுந்துவிடும். மிக மோசமான ஒவ்வாமைகள்தான் இப்படி மறைகின்றன.

வெளிநாட்டுப் பட்டியலை அப்படியே எடுக்காதீர்கள். அங்கே நலாக்சோன் முக்கியமான தடயம், அது முறிக்கும் ஓபியாய்டு (மார்ஃபின் வகை வலி மருந்து) அதிகம் போவதால். நம் சிறு மருத்துவமனைகளில் அது அலமாரியை விட்டு அசைவதே அபூர்வம். நமக்கு ஏவில், ஹைட்ரோகார்டிசோன், அட்ரினலின், டெக்ஸ்ட்ரோஸ், விட்டமின் கே, கால்சியம் குளுகோனேட். இவற்றோடு கிரியாட்டினின் இருமடங்கானது, ஒரு மருந்து திடீரென நிறுத்தப்பட்டது என்ற இரண்டும் சேர்ந்தால் போதும்.

தினமும் முடியாத இடத்துக்கு இதன் தம்பி ஒன்று உண்டு. டிஸ்சார்ஜ் ஆன கேஸ் ஷீட்டில் மாதம் இருபதைக் குலுக்கி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடத்துக்கு மேல் செலவிடாமல் தடயம் தேடுவது. ஒருவருக்கு மாதம் ஏழு மணி நேரத்துக்குள் முடியும். போக்குத் தெரியும், ஆனால் அந்த ஆச்சிக்கு உதவாது.

## வழி 4: கணினி எச்சரிக்கை

லேப், ஃபார்மசி, வார்டு மூன்றும் ஒரே மென்பொருளில் இருந்தால் மூன்றாவது வழியைத்தான் கணினி உடனுக்குடன் செய்கிறது. சால்ட் லேக் சிட்டியில் ஒரு மருத்துவமனை 36,653 நோயாளிகளை இப்படிப் பார்த்து 1991இல் வெளியிட்ட முடிவில் 731 பாதிப்புகள் உறுதியாயின; அவற்றில் ஊழியர்கள் தாமாகச் சொன்னவை 92தான்.

நம் இடங்களில் கேஸ் ஷீட் இன்னும் கையெழுத்து. லேப் முடிவு அச்சடித்த தாளில் வருகிறது, பில் மட்டும் கணினியில். அந்த நிலையில் எச்சரிக்கை மென்பொருள் வாங்கினால், அதற்குத் தீனி போட ஓர் ஆள் தட்டச்சு செய்துகொண்டே இருக்க வேண்டும். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் தனி. பாஸ்டன் ஆய்வில் கணினி எழுப்பிய 2,620 எச்சரிக்கைகளில் உண்மையானவை 275, பத்தில் ஒன்று. மீதி ஒன்பதைப் பார்த்துச் சலித்தவர் பத்தாவதையும் மூடிவிடுவார். இப்போதைக்கு உங்கள் பில் மென்பொருளில் "குறிப்பிட்ட மருந்து நேற்று யாருக்குப் போனது" என்ற ஓர் அறிக்கையை எடுக்க முடியுமா என்று மட்டும் விற்றவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் முடியும்.

## பக்கத்தில் பக்கத்தில்

| | படிவம் | வார்டு ஃபார்மசிஸ்ட் | முறி மருந்துப் பதிவு | கணினி எச்சரிக்கை |
|---|---|---|---|---|
| எவ்வளவு பிடிபடும் | மிகக் குறைவு. அரிதானது வரும் | அதிகம் | நடுத்தரம். கடுமையானவை பெரும்பாலும் | நடுத்தரம் முதல் அதிகம் |
| எப்போது தெரியும் | எழுதியபோது | அன்றே | மறுநாள் காலை | உடனே |
| யார் நேரம் | எல்லோருடையதும், கொஞ்சம் | ஒருவரின் முழு நாள் | தினம் 15 முதல் 30 நிமிடம் | எச்சரிக்கை பார்ப்பவர், பதிவு செய்பவர் |
| ஆள் மாறினால் | படுத்துவிடும் | நின்றுவிடும் | இருவர் இருந்தால் நிற்காது | ஓடும், பார்க்க ஆள் இருந்தால் |
| பயம் | அதிகம் | பழகினால் குறையும் | குறைவு; பில்தான் பேசுகிறது | குறைவு |
| மறைந்த செலவு | மௌனம் | வேறு வேலைக்கு இழுப்பு | பொய்த் தடயம், ட்ரே ஓட்டை | சலிப்பு, பராமரிப்பு |

## யாருக்கு எது

ஐம்பது படுக்கைக்குக் கீழே, கையெழுத்துக் கேஸ் ஷீட், ஒன்றிரண்டு ஃபார்மசிஸ்ட்: மூன்றாவது வழி. அதில் மருந்தின் மேல் சந்தேகம் விழுந்ததை முதல் வழிப் படிவத்தில் எழுதி அனுப்புங்கள். காரைக்குடி டாக்டருக்கு நான் சொன்னது இதுதான். என்.ஏ.பி.எச். ஆய்வாளருக்கும் காலிப் பெட்டியை விட நிரம்பிய பதிவேடுதான் பேசும்.

டயாலிசிஸ், ஐ.சி.யூ., புற்றுநோய் சிகிச்சை இருந்தால் இரண்டாவது வழி இல்லாமல் முடியாது. அங்கே மறுநாள் காலை என்பது தாமதம். நூறு படுக்கைக்கு மேல் உள்ள இடங்களும் ஒருவரை இதற்கென்றே வையுங்கள். அவர் பில் கவுண்டரில் உட்கார மாட்டார் என்று நியமன உத்தரவிலேயே எழுதுங்கள்.

பாம்புக்கடி வருகிற இடங்களுக்கு ஒரு தனிச் சொல். விஷமுறிவு மருந்தே ஒவ்வாமை தரக்கூடியது. அதற்குப் பதிவேடு எல்லாம் பிறகுதான். ஏற்றும்போது பக்கத்தில் ஆளும், ஊசியில் ஏற்றித் தயாராக வைத்த அட்ரினலினும் இருக்க வேண்டும். குப்பியின் தொகுதி எண்ணை (பேட்ச் நம்பர்) கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். பாதிப்பு ஒரே தொகுதியில் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பின்னால் பார்க்க அந்த எண் ஒன்றுதான் வழி.

பத்துப் படுக்கைக் கிளினிக்குகளுக்குப் படிவமும் கட்டணமில்லா எண்ணும் போதும். டாக்டரே எல்லாக் கட்டிலையும் பார்க்கிறார்.

எந்த வழியானாலும், உறுதியான பாதிப்பை நோயாளியின் கையில் எழுதிக் கொடுக்காமல் அனுப்பாதீர்கள். நம் மக்கள் அடுத்த முறை மதுரைக்கோ திருச்சிக்கோ போவார்கள். அங்கே நம் பதிவேடு இருக்காது. மருந்தின் பெயர், என்ன ஆனது, தேதி. சட்டைப் பைக்குள் அடங்கும் அட்டையில், தமிழிலும் ஆங்கிலத்திலும்.

தேவகோட்டை சிஸ்டர் கேட்டது, நாளைக் காலையே தொடங்க என்ன வேண்டும் என்று. நீள நோட்டு ஒன்று. ஏழு கட்டம் போடுங்கள்: தேதி, கட்டில் எண், போன முறி மருந்து, எதற்காக, சந்தேக மருந்து, டாக்டரிடம் சொன்ன நேரம், படிவம் அனுப்பியதா. எமர்ஜென்சி ட்ரேயில் ஒரு பேனாவும் சிறு சீட்டுக் கட்டும் நூல் போட்டுக் கட்டி வையுங்கள். ஆம்பூலை உடைத்தவர் கட்டில் எண்ணை எழுதி, அந்த இடத்தில் சீட்டை வைக்க வேண்டும். காலையில் சீட்டு இல்லாமல் ட்ரே நிரப்ப வரும் இண்டென்ட்டை ஃபார்மசி வாங்கக் கூடாது.